ஒரு பாட்டுக்குள் வடிந்த வெள்ளம்

அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் ஊரைத்தான் பிடிக்கவில்லை.

"பையன் நல்லாத்தான் இருக்கான். பேச்சும் மரியாதையா இருக்கு. ஆனா அந்த ஊர்ல வீட்டுக்குள்ள தண்ணி வருதே, ஆத்தா" என்றாள்.

"எல்லா வருசமும் வராதும்மா."

"ஒரு வருசம் வந்தா போதாதா?"

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. சென்னைத் தெருவில் படகு ஓட்டுகிற காட்சி டிவியில் வந்தால், செய்தி முடியும் வரை காத்திருக்க மாட்டாள். எழுந்துபோய் சுவிட்சையே அணைத்துவிடுவாள். நான் கட்டிக்கொள்ள விரும்பியவர் அந்த ஊர்க்காரர். வேளச்சேரி.

நாங்கள் இருவரும் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறோம். அவர் சென்னை அலுவலகம், நான் போர்ட் பிளேர். வெங்காயம் ஏற்றியாச்சா, சிமென்ட் இறக்கியாச்சா, கப்பல் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்றுதான் முதலில் பேசிக்கொண்டோம். பிறகு கப்பல் சரியான நேரத்துக்குக் கிளம்பிய நாட்களிலும் போன் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பொதுப்பணித் துறையில் மஸ்தூர், அதாவது கூலித் தொழிலாளி. கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் கல்லூரி முடித்தேன், வேலை வாங்கினேன், மாப்பிள்ளையையும் நானே பார்த்துக்கொண்டேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அம்மா தலையை ஆட்டாமல் கல்யாணம் செய்துகொள்ளும் தைரியம் மட்டும் எனக்கு இல்லை. அவள் வேண்டாமென்றால் அது வேண்டாம்தான்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சுனாமிக்கு முன்னால் நாங்கள் சிப்பிகாட்டில் இருந்தோம். குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் வயல், அதை ஒட்டி அப்பா தன் கையால் கட்டிய ஒரு வீடு. அன்று தரை ஆடியதும் என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த மேட்டில் ஏறிவிட்டார்கள். அப்போது நான் அங்கன்வாடிக் குழந்தை. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் பெரிய அலை எதுவும் வரவில்லை. ஓடை வழியாகக் கடல் மெதுவாக ஏறி வந்தது. வந்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை. தரையே கீழே இறங்கிவிட்டது என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தேன். வயல் இருந்த இடம் இன்றும் கடல்தான். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அதனால் எங்களை யாரும் பெரிதாகத் துக்கம் விசாரித்ததும் இல்லை. கராச்சர்மாவில் வாடகைக்கு வந்தோம், அங்கேயே தங்கிவிட்டோம். பஸ் சிப்பிகாட்டைத் தாண்டிப் போக வேண்டிய நாட்களில் அம்மா தண்ணீர் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவாள்.

நான் படித்தவள் அல்லவா, படித்தவள் மாதிரியே வாதாடினேன். போனில் வரைபடத்தைத் திறந்து அவர்கள் தெரு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டினேன். அம்மா போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"சிப்பிகாட்டையும் எவனோ ஒருத்தன் இப்படித்தான் அளந்து வச்சிருப்பான்" என்றாள்.

வைகாசி மாதத்தில் அவரும் அவருடைய அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். அவருடைய அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பத்துபஸ்தியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கினார்கள். விமான நிலையம் பக்கத்திலேயே என்பதால் அங்கே ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு தொடர வேண்டும். அவருடைய அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். கனத்த உடம்பு, கனத்த குரல், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற சுபாவம். எங்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, போண்டாவை எடுத்துக் கடித்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"விமானத்துல இருந்து பார்த்தேன், சுத்தி எங்கப் பார்த்தாலும் தண்ணி. ராத்திரி எப்படிம்மா தூங்குறீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்" என்றார் அப்பா.

அவருடைய அம்மா சிரித்தார். என் அம்மா சிரிக்கவில்லை. மழைக்கு மழை வீட்டுக்குள் படகு விடுகிற ஊரிலிருந்து வந்து நம்மைக் கேட்கிறாளே என்று சமையலறையில் என்னிடம் முணுமுணுத்தாள். எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்க்கா" என்றாள். வீட்டிலேயே மூன்று பேர்தான் இருக்கிறோம். கலந்து பேச யாரும் இல்லை. வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கும் தெரிந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது.

மறுநாள் அவர்களைப் படகில் தீவு பார்க்கக் கூட்டிப்போவதாக இருந்தோம். கடல் சரியில்லை என்று படகை ரத்து செய்துவிட்டார்கள். காலையில் அவர் போன் செய்தார்.

"எல்லாரும் ஒண்ணா எங்கயாவது உட்காரணும். நம்ம ரெண்டு அம்மாவும் கொஞ்சம் பழகட்டும். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

"என்ன படம்?"

பெயரைச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் அந்தப் போஸ்டரைப் பார்த்திருக்கிறேன். கட்டிடங்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்; நடுவில் நாயகன் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருப்பார்.

"உங்களுக்கு மூளை இருக்கா?"

"ஏன்?"

"அது உங்க ஊரு முழுகிப்போற படம்."

"நான் ஹீரோவைப் பார்த்து எடுத்துட்டேன்" என்றார்.

"கேன்சல் பண்ணுங்க."

"ஆகாதாம்."

அம்மாவிடம் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். போர்ட் பிளேரில் அந்தத் தியேட்டர் வந்த பிறகு அவள் அதற்குள் போவது அதுதான் முதல் தடவை. குஷன் இருக்கையை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நான், எனக்கு அடுத்து அவருடைய அம்மா, கடைசியில் அவர். எழுத்துப் போடும்போதே மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் மோசம். அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஏரியை ஆக்கிரமித்துக் கட்டிடம் கட்டும் வில்லன், அவனை எதிர்த்துப் பேசும் நாயகன், மழை, உடனே வெள்ளம். கம்ப்யூட்டரில் செய்த தண்ணீர் கஞ்சி மாதிரித் தெருத் தெருவாக வழிந்தது. அதில் பஸ்கள் தீப்பெட்டி போல உருண்டன. எடுத்தவர்கள் பாவம், எவ்வளவோ உழைத்திருப்பார்கள். ஆனால் எனக்குப் படத்தைப் பார்க்கவா நேரம்? திரை வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். முதல் மாடி மூழ்கியபோது உதட்டைக் கடித்தாள். என் கல்யாணம் அந்த முதல் மாடியோடு சேர்ந்து முழுகிக்கொண்டிருந்தது.

பிறகு என் பக்கம் சாய்ந்தாள்.

"இவன் தண்ணிக்குள்ள இருந்துதானே வந்தான்? தலை எப்படிக் காஞ்சிருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் என் மறுபக்கத்தில் இருந்த அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது: "அந்தப் பொண்ணு கண்ணைப் பாருங்க. மை கலையவே இல்ல."

"தண்ணியில ஒரு குப்பைகூட மிதக்கல, பாத்தீங்களாக்கா?"

"குப்பையா? கக்கூஸ் தண்ணியே மிதக்கும்மா. இவங்க மினரல் வாட்டரை ஊத்தியிருக்காங்க."

இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் பேச ஆரம்பித்தார்கள். நான் முதுகை இருக்கையோடு ஒட்டி வழிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "ஆண்ட்டி, சுப் ரஹியே நா" என்று பேசாமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சினான். அம்மா வாயை மூடிக்கொண்டாள், ஒரு நிமிடத்துக்கு.

இடைவேளைக்குப் பிறகு ஒரு சோகப் பாட்டு வந்தது. பாட்டு தொடங்கும்போது ஊர் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தது. நாயகன் சோற்றுப் பொட்டலம் கொடுத்தான், குழந்தைகள் சிரித்தன, சூரியன் வந்தது. பாட்டு முடியும்போது தெரு காய்ந்து, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள்.

"தண்ணி எங்க போச்சு?" என்றாள் அம்மா.

"வடிஞ்சிருச்சும்மா."

"ஒரு பாட்டுக்குள்ளயா?"

அவள் குரலில் பயம் இல்லை. யாரோ ஏமாற்றிவிட்டது போன்ற கோபம் இருந்தது.

அதன் பிறகு வில்லன் ஏரிக்கரையை வெடி வைத்துத் தகர்த்தான். அப்போதுதான் அது நடந்தது.

முதலில் காலடியில் ஒரு அதிர்வு. பிறகு இருக்கை நடுங்கியது. முதுகெலும்பு வரை ஏறியது. நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஏனென்றால் நினைக்கவில்லை. எழுந்துவிட்டேன். எங்கள் வரிசையே எழுந்துவிட்டது. அரங்கமே எழுந்துவிட்டது. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. திரையில்தான் கூச்சல், எங்கள் பக்கம் செருப்புச் சத்தம் மட்டும். குழந்தைகளை இடுப்பில் தூக்கி, கிழவர்களை நடுவில் விட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுப்பார்கள், ஆனால் பயிற்சியே இல்லாதவர்களும் இங்கே இப்படித்தான் நடப்பார்கள். தரை ஆடினால் முதலில் வெளியே. பிறகுதான் யோசனை.

அம்மா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவருடைய அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"சலோக்கா, ஜல்தி, பாஹர், பாஹர்!" சீக்கிரம் வெளியே வாங்க என்று சொல்ல, பதற்றத்தில் அவளுக்கு ஹிந்திதான் வந்தது.

"என்னம்மா? படம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டபடியே அந்தக் கனத்த உடம்பு ஒற்றைச் செருப்போடு அவள் பின்னால் இழுபட்டு வந்தது.

வெளியே வந்ததும் எல்லோரும் தானாகவே மேட்டுப் பக்கம் திரும்பி ஏறினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. "ஹிலா க்யா?" ஆடிச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மின்கம்பியை அண்ணாந்து பார்த்தார், ஆடுகிறதா என்று. இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை ஒரு காரின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. அப்போது தியேட்டர் மேனேஜர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"பூகம்ப் நஹி ஹை! ஸ்பீக்கர் ஹை, பாயி, நயா ஸ்பீக்கர்!"

ஆடியது தரை இல்லையாம், அந்த வாரம்தான் மாட்டிய புது ஸ்பீக்கராம். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி மேடு முழுவதும் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் பிறகு அவர் தனியாக மேட்டில் ஏறி வந்தார், கையில் தன் அம்மாவின் இன்னொரு செருப்போடு. அரங்கமே காலியானபோது, படம் மோசம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போகிறார்கள் என்று நினைத்தாராம்.

"என்னைய விட்டுட்டு அவங்களை இழுத்துட்டுப் போறே" என்றார் அப்பா அம்மாவிடம்.

"உங்களுக்குக் கால் இல்லையா? அவங்களுக்கு எந்தப் பக்கம் போகணும்னே தெரியாதே!"

அவருடைய அம்மா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் மணிக்கட்டை அம்மா இன்னும் விட்டிருக்கவில்லை.

பலர் படத்துக்குத் திரும்பிப் போனார்கள். நாங்கள் போகவில்லை. எதிரில் இருந்த டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா ஐந்து பேருக்கும் பால் இல்லாத லால் சாய் சொன்னார்.

"நிஜத்துல சத்தமே வராதும்மா" என்றார் அவருடைய அம்மா. "வெள்ளம் வந்த அன்னிக்கு எங்களுக்கு பாத்ரூம் ஓட்டை வழியாத்தான் முதல்ல வந்துச்சு. நான் துணியை வச்சு அடைச்சேன். அடைச்சுட்டுத் திரும்புறேன், வாசல் வழியா வந்துட்டிருக்கு. அப்ப நாங்க கீழ் வீடு. அரிசியைக் கட்டில் மேல தூக்கி வச்சேன். கொஞ்ச நேரத்துல கட்டிலே கிளம்பிருச்சு."

"எங்க போனீங்க?"

"மாடிக்கு. மாடி வீட்டுக்காரியோட எனக்குத் தண்ணி மோட்டார் தகராறு, முகம் பார்த்துப் பேசியே வருசக்கணக்கு ஆச்சு. என்னன்னு போய்க் கதவைத் தட்டுறதுன்னு படியில நின்னேன். அவ கதவைத் திறந்து வச்சுட்டு நிக்குறா. 'ஏன் இவ்வளவு நேரம்'னு திட்டுறா."

அம்மா டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம்தான் பாடு. சேறு, நாத்தம், செத்த எலி. கல்யாணப் புடவையைக் கொடியில போட்டா சாயமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறங்கியிருக்கு. சுவரு அடுத்த கோடை வரைக்கும் காயல."

"ஆனா வடிஞ்சுதுல்ல?"

"வடிஞ்சுதும்மா."

"முழுசா?"

"முழுசா."

அம்மா தலையாட்டினாள். "எங்களுக்கு வடியலைக்கா" என்றாள்.

அம்மா தானாகவே தொடர்ந்தாள். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"முகாம்ல இருந்தோம். தெனம் கடல் எறங்குற நேரம் பார்த்து நான் வீட்டுக்குப் போவேன். வீட்டுக்குள்ள சேறு மட்டும் நிக்கும். வாரிக் கொட்டுவேன், பெருக்குவேன், நிலைப்படியைக் கழுவி விடுவேன். தண்ணி ஏறும்போது திரும்பிருவேன். மறுநாள் போனா மறுபடி சேறு. மறுபடி பெருக்குவேன். எல்லாரும் பைத்தியம்னாங்க. ஒருநா தண்ணி வடிஞ்சு நின்னுரும், அன்னிக்கு வீடு சுத்தமா இருக்கணும்னு எனக்கு. கடைசியில இவருதான் வெளக்குமாத்தைப் புடுங்கிக் கடல்ல எறிஞ்சுட்டாரு."

"எறியலை" என்றார் அப்பா, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "மரத்துல மாட்டி வச்சேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். அவளுக்கே அது இப்போதுதான் தெரிகிறது என்று தோன்றியது. நான் இத்தனை நாளாக வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது தண்ணீர் வருமா என்ற கேள்விக்கு. அவளுடைய கேள்வி அது இல்லை. வந்த தண்ணீர் போகுமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை அவளுக்குச் சொல்ல என்னால் முடியாது, எந்தப் படத்தாலும் முடியாது. சேற்றை வாரிக் கொட்டிய இன்னொருத்திதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இப்ப நாங்க அந்த வீட்டுல இல்லம்மா. அதே தெருவுல ரெண்டாவது மாடி" என்றார் அவருடைய அம்மா.

இதை நான் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பது போல நிமிர்ந்தாள்.

"படி உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்."

"ராத்திரி பூட்டுவாங்களா?"

"கேட்டைப் பூட்டுவாங்க. சாவி எல்லா வீட்டுலயும் இருக்கு."

"பக்கத்துல மேடு ஏதும் இருக்கா?"

"மேடா? மெட்ராஸ்லயா?" அவருடைய அம்மா சத்தமாகச் சிரித்தார். "எங்களுக்கு மேடுன்னா ஃப்ளைஓவர்தாம்மா."

"மழைன்னு சொன்னாலே எல்லாரும் காரை அது மேலதான் கொண்டுபோய் நிறுத்துவாங்க, அத்தை" என்றார் அவர். அத்தை என்று அவர் என் அம்மாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பயந்துகொண்டேதான் சொன்னார்.

அம்மா அதைக் கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. "பாலமா? பாலம்னா சரிதான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க வந்து வீடு பாக்கணும்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டைப் பெண் வீட்டார் போய்ப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் இதைச் சொன்னவள் சுனாமிக்குப் பிறகு ஒருமுறைகூடக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போகாதவள். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கும் அப்பாவைத்தான் அனுப்பினாள்.

"தாராளமா வாங்க. வர்ற மாசமே நல்ல நாள் இருக்கு."

"வர்ற மாசம் வேண்டாங்க்கா. கார்த்திகையில வர்றோம், மழை கொட்டுறப்ப. வெயில்ல போய்ப் பாத்தா எந்த வீடும் நல்லாத்தான் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய அம்மாவைப் பார்த்தேன். இதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அந்த அம்மாவுக்கு வரவில்லை.

"அப்ப ஒரு மாசம் தங்குற மாதிரி வாங்க" என்றார். "நாம கூப்பிட்ட அன்னிக்கு மழை வராது."

"தங்குறோம்" என்றாள் அம்மா. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் கடைக்காரரிடம் இன்னும் ஐந்து டீ சொல்லிக்கொண்டிருந்தார், கூடவே ஏதாவது இனிப்பு இருக்கிறதா என்றும் கேட்டார்.